ஆறாம் வகுப்புல பிள்ளைங்க ஒரு கேள்வியும் கேக்க மாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?

சோசியல்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில சோசியல் எடுக்குறேன், 6, 7, 8 மூணு வகுப்பும் நான்தான். என் பிரச்சனை என்னன்னா, பாடம் முடிச்சு "யாருக்காவது சந்தேகம் இருக்கா"ன்னு கேட்டா மொத்த வகுப்பும் ஒரே ராகத்துல "இல்ல டீச்சர்"ங்குது. நான் ஏதாவது கேட்டா புக்கைத் திருப்பி அந்த வரி எங்க இருக்குன்னு தேடுறாங்க, "உனக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு"ன்னு கேட்டாலும் அதே தேடல்தான்.

போன வாரம் "நம்ம ஊருக்குத் தண்ணி எங்கிருந்து வருது"ன்னு கேட்டேன். ஒரு பையன் எந்திரிச்சு புக்ல இருந்து மழைதான் நீரின் முதன்மை ஆதாரம்னு வாசிக்கிறான். நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடுறப்போ குடத்தைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா குழாயடியில நிக்கிறவன் அவன்தான். டேங்க் எங்க இருக்கு, வால்வு திறக்குறது யாரு, எந்தத் தெருவுக்கு முதல்ல விடுவாங்க எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அது பதில்னு அவனுக்குத் தோணவே இல்ல. இதே பிள்ளைங்க மதியம் சாப்பாட்டு வரிசையில நிலக்கோட்டை மார்க்கெட்ல மல்லிகை விலை ஏன் இறங்குச்சுன்னு அப்படி விவாதம் பண்றாங்க. மணி அடிச்சு வகுப்புக்குள்ள வந்தா வாய் மூடிருது.

ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, பிள்ளைங்க தானா யோசிச்சு கேள்வி கேக்க நீங்க உங்க வகுப்புல நிஜமா என்ன பண்றீங்க? ட்ரெய்னிங்ல சொல்றதெல்லாம் எனக்குத் தெரியும், வகுப்புல நடந்ததைச் சொல்லுங்க. ரெண்டாவது, மூணுல ஒரு பங்கு பிள்ளைங்க இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாங்க, அவங்களை வெச்சுக்கிட்டு இந்த மாதிரி பண்றது நியாயமா? ஹெச்.எம். நல்ல மனுஷர்தான், ஆனா போர்ஷன் முடியணும்ங்கிறார், அவரையும் தப்பு சொல்ல முடியல.

கணக்கு_சார்

டீச்சர், உங்க ரெண்டாவது கேள்வியைத்தான் முதல்ல எடுக்கணும்னு நான் நினைக்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு முதல்ல வாசிப்பைக் கொடுங்க. எட்டாவது வந்தும் வகுத்தல் தெரியாத பிள்ளைங்களை நான் தினமும் பாக்குறேன், அவங்ககிட்ட போய் "நீயே கண்டுபிடி"ன்னு சொன்னா அது அவங்களைக் கைவிடுறதுதான்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல. 2006-ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு மூணு பேர் எழுதின கட்டுரை கல்வி ஆய்வு உலகத்துலயே பெரிய சண்டையைக் கிளப்புச்சு. ஒரு விஷயத்தைப் புதுசா கத்துக்குறவங்களுக்கு வழிகாட்டலைக் குறைச்சா, ஒரே நேரத்துல மனசுல வெச்சு வேலை செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம்ங்கிறதால எல்லாம் குழம்பி ஒண்ணும் தங்காதுன்னு அவங்க வாதம். ஏற்கனவே ஓரளவு தெரிஞ்சவங்களுக்குத்தான் தானா தேடுறது பலன் தரும்.

இன்னொண்ணு எனக்கு இதுல கோபமே வரும். வசதியான வீட்டுப் பிள்ளை ஸ்கூல்ல நாடகம் போட்டு, படம் வரைஞ்சு, கேள்வி கேட்டு சந்தோஷமா இருக்கும், சாயங்காலம் ட்யூஷன்ல வாய்ப்பாடும் இலக்கணமும் ஏறிடும். நம்ம பிள்ளைக்கு ஸ்கூலை விட்டா வேற இடம் ஏது? அதுக்குக் கிடைக்கிற அந்த நாப்பது நிமிஷத்துல தெளிவா நடத்தி, பயிற்சி கொடுத்து, தப்பைத் திருத்தி அனுப்புறதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யிற நீதி.

ஓய்வு_ஆசிரியர்

கணக்கு சார் சொல்றதுல பாதிக்கு மேல எனக்கு உடன்பாடுதான், ஆனா மீதியைப் பேசணும். செயல்வழிக் கற்றல் (ஏ.பி.எல்.), அதை எளிமையாக்கின எஸ்.ஏ.பி.எல்., மேல் வகுப்புகளுக்கான ஏ.எல்.எம்., தொடர் மதிப்பீடான சி.சி.இ. எல்லாத்தையும் உள்ள இருந்து பாத்தவன் நான்.

செயல்வழிக் கற்றல் 2003-ல சென்னை மாநகராட்சியோட 13 பள்ளிகள்ல ஆரம்பிச்சது. அப்போ ஆணையரா இருந்த எம்.பி. விஜயகுமார் ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கத்துல இருக்குற ரிஷிவேலியோட முறையை எடுத்துக்கிட்டு வந்து தொடங்கினார், சில வருஷத்துல மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. அந்த வகுப்பறையை நேர்ல பாக்காதவங்களுக்குச் சொல்றேன். சுவத்தோட அடிப்பக்கம் முழுக்கக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுல ஒரு கட்டம். டீச்சருக்கு நாற்காலி கிடையாது, பாய்ல பிள்ளைங்களோட உக்காரணும். பிள்ளை தானே வருகையைக் குறிச்சுட்டு, பாட வரிசையைக் காட்டுற ஏணிப்படிப் படத்தைப் பாத்து, தான் எந்த இடத்துல இருக்கோம்னு கண்டுபிடிச்சு, தட்டுல இருந்து தன்னோட அட்டையை எடுத்துக்கிட்டு வந்து உக்காரும். செங்கல் சூளைக்கு அப்பா அம்மாவோட போயிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வர்ற பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். இந்த முறை வர்றதுக்கு முன்னாடி அந்த மாதிரிப் பிள்ளை திரும்பி வந்தா வகுப்பு எங்கயோ போயிருக்கும், அது கடைசி பெஞ்சுல உக்காந்து உக்காந்து ஒரு நாள் நின்னுடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த முறையை நான் மதிக்கிறேன்.

ஆனா கேள்வி வந்துச்சான்னு கேட்டா, வரல. அட்டையில எல்லாமே எழுதியிருந்துச்சு, பிள்ளை சொந்தமா சொல்ல அதுல இடம் இல்ல. அட்டை கிழிஞ்சா புதுசு வர்றதுக்குள்ள வருஷம் போயிடும். டீச்சர் பாதி நேரம் யார் எந்தப் படியில இருக்காங்கன்னு பதியுற வேலையிலயே இருப்பாங்க. 6, 7, 8-க்கு வந்த ஏ.எல்.எம்.முக்கு படைப்பாற்றல் கல்வின்னே பேரு. அறிமுகம், படித்தல், மன வரைபடம், தொகுத்தல்னு எல்லாப் பாடத்துக்கும் அதே படிகள், அசோகருக்கும் அதேதான் ஒளிச்சேர்க்கைக்கும் அதேதான். நடுவுல ஒரு வட்டம், சுத்திக் கிளைங்க, புக்ல தடிச்ச எழுத்துல இருக்குற சொல்லையெல்லாம் பிள்ளைங்க கிளையில எழுதிடுவாங்க. விசிட் வர்றவங்க சுவத்துல சார்ட் தொங்குதான்னு பாத்துட்டுப் போவாங்க, எந்தப் பிள்ளை என்ன கேட்டுச்சுன்னு யாரும் விசாரிச்சதில்ல. அருமையான யோசனை, படிவம் நிரப்புற வேலையா முடிஞ்சு போச்சு, அதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம் உண்டு.

அதனால முறை எதுவா இருந்தாலும் சரி டீச்சர், பிள்ளைக்குத் தெரிஞ்சு நமக்குத் தெரியாத ஒரு விஷயம் வகுப்புக்குள்ள வந்தாத்தான் அது வாயைத் திறக்கும். நமக்கு விடை தெரியும்னு பிள்ளைக்கு நல்லாத் தெரியும், அப்புறம் அது எதுக்கு யோசிக்கணும், நம்ம மனசுல இருக்குற வரியைக் கண்டுபிடிச்சாப் போதாதா? அந்தத் தண்ணிப் பையன்கிட்ட "ஊருக்குத் தண்ணி எங்கிருந்து வருது"ன்னு கேக்குறதுக்குப் பதிலா "எனக்கு இந்த ஊர் இல்லப்பா, எந்தத் தெருவுக்கு முதல்ல விடுறாங்க, ஏன் அந்தத் தெருவுக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. அதுக்கு புக்ல வரி இல்ல.

"சந்தேகம் இருக்கா"ங்கிறதை விட்டுடுங்க. அதுக்குக் கை தூக்குனா நாப்பது பேர் முன்னாடி எனக்குப் புரியலன்னு ஒத்துக்கணும், எந்தப் பிள்ளை தூக்கும்? கேட்டுட்டு கொஞ்சம் காத்திருக்கவும் வேணும். மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970-கள்ல வகுப்புகளைப் பதிவு பண்ணிப் பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்காங்க, அதை மூணு நொடி ஆக்கினாலே பதில் நீளமாகுது, பேசாத பிள்ளைங்க பேசுதுங்க. காசு செலவில்லாத விஷயம், ஆனா வகுப்புல அந்த மூணு நொடி அமைதியா நிக்கிறது சிரமம், பழகணும்.

புதுக்கோட்டைக்காரன்

வணக்கம் தோழர்களே. நான் ஆசிரியர் இல்ல, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கத்துல தொண்டரா இருந்தவன். 1991-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அது நடந்தப்போ கல் உடைக்கிற அம்மாங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல பாடம் எடுத்தேன். அந்த அனுபவத்துல கணக்கு சாருக்கு ஒரு பதில் இருக்கு.

வாசிப்பு முதல்ல, யோசனை அப்புறம்னு அந்தக் கூட்டத்துல வரிசை போட்டிருந்தா மறுநாள் யாரும் வந்திருக்க மாட்டாங்க. பகல் முழுக்கக் கல் உடைச்சிட்டு வந்தவங்க "அ"வை எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி. குவாரியைக் குத்தகைக்கு எடுத்திருக்குறது யாரு, லோடுக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவுன்னு பேச ஆரம்பிச்சா ராத்திரி பத்து மணி ஆனாலும் எந்திரிக்க மாட்டாங்க. கூலி, பட்டா, குவாரி, லோடு, இந்தச் சொற்களைத்தான் எழுதிப் போடுவேன். பேசின சூட்டுலயே எழுத்து ஏறும். பின்னாடி அந்த மாவட்டத்துல பெண்கள் குழுக்களுக்கே குவாரி குத்தகை கிடைச்சது, கணக்கை அவங்களே எழுதினாங்க. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டதும் அதே இயக்கத்துலதான், மாவட்ட ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்கு முன்னாடி நின்னாங்க.

பாவ்லோ ஃப்ரெய்ரேங்கிற கல்வியாளர் பிரேசில்ல பண்ணதும் இந்த வழிதான். 1963-ல அங்கிகோஸ்ங்கிற சின்ன ஊர்ல 300 தொழிலாளிங்களுக்கு 40 மணி நேரத்துல எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அப்போ அந்த நாட்டுல எழுத்து தெரியாதவங்களுக்கு ஓட்டே கிடையாது, அதனாலதான் இது சிலருக்குப் பயத்தைக் கொடுத்துச்சு, 1964-ல ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில போட்டு நாட்டை விட்டே போக வெச்சாங்க. ஆனா கணக்கு சார், இதைக் கவனிங்க, அவர் எழுத்துப் பயிற்சியை விடவே இல்ல. செங்கல்னு ஒரு சொல்லை எடுத்தா முதல்ல அதோட படத்தை வெச்சு வீடு, கூலி, வாடகைன்னு பேச்சு, அப்புறம் சொல்லை அசை அசையா உடைச்சு, ஒவ்வொரு அசைக்கும் நம்ம க கா கி கீ மாதிரி வரிசை எழுதி, அதுல இருந்து புதுச் சொற்களை அவங்களையே கோர்க்க வெச்சார். பேச்சும் பயிற்சியும் ஒரே வகுப்புல நடந்துச்சு. ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணுன்னு ஏன் நினைக்கணும்?

டீச்சர், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நிறைய வீடுகள்ல மீட்டர் பக்கத்துல வெள்ளையா ஒரு ஈ.பி. கார்டு தொங்கும். அதை ஒரு நாள் பிள்ளைங்களை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், முதல் கொஞ்சம் யூனிட் இலவசம், அதுக்கு மேல எப்படி ஏறுதுன்னு கணக்கு இருக்கு. ஒரே தெருவுல ஒரு வீட்டுக்கு ஏன் ஒண்ணுமே வரல, இன்னொரு வீட்டுக்கு ஏன் ரெண்டாயிரம், தோட்டத்து மோட்டாருக்கு ஏன் பில் இல்ல, இதெல்லாம் அவங்களே கேப்பாங்க. அவங்க சொல்றதை அவங்க சொன்ன வார்த்தையிலயே போர்டுல எழுதுங்க, எழுத்துக்கூட்டுற பிள்ளையை விட்டு அதை வாசிக்கச் சொல்லுங்க. தான் சொன்ன வரியை வாசிக்கிறப்போ அந்தப் பிள்ளைக்கு அடுத்த சொல் என்னன்னு ஏற்கனவே தெரியும், திக்குறது குறையும். ஒரே ஒரு கவனம், யார் வீட்டுல கரண்ட் இல்லன்னு வகுப்பு முன்னாடி வெளிய வந்துடக் கூடாது, பேரை மறைச்சுட்டு கார்டை மட்டும் கொடுங்க.

சேலம்_ஜியாக்ரஃபி

நானும் சோசியல்தான் டீச்சர், அதனால ஆறாவது பாடத்தையே எடுத்துச் சொல்றேன். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, இந்தியத் திட்ட நேரம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க, ஏன்னா இந்த ஒரு பாடத்துலதான் என் பிள்ளைங்க நிஜமா கேக்க ஆரம்பிச்சாங்க.

முன்னெல்லாம் உருண்டையைக் காட்டி, கோடு கோடா விளக்கி, 82½ டிகிரி கிழக்கு, மிர்சாபூர்னு சொல்லி ஒரு மார்க் கேள்வி போட்டு முடிச்சிடுவேன். ஒரு ஜூலை மாசம் மாத்திப் பண்ணேன். ஒரு மீட்டர் குச்சியை மைதானத்துல நட்டு, "12 மணிக்கு நிழல் எங்க விழும்"னு கேட்டு எல்லாரையும் நோட்ல எழுத வெச்சேன். இது முக்கியம், எழுதாம வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க. கிட்டத்தட்ட எல்லாருமே உச்சி வெயில்ல நிழல் காலடியிலதான் இருக்கும்னு எழுதியிருந்தாங்க, கொஞ்சம் பேர் வடக்கேன்னாங்க. 11:45-ல இருந்து ஒரு மணி வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில ஆணி அடிச்சு, பக்கத்துல நேரம் எழுதி, ஸ்கேல் வெச்சு அளந்தாங்க.

12 மணிக்கு நிழல் காலடியில இல்ல. இன்னும் குறைஞ்சுக்கிட்டே போச்சு. 12:10, 12:15, 12:20, இன்னும் குறையுது. 12:25 கிட்டத்தான் நின்னுச்சு, அதுக்கப்புறம் நீள ஆரம்பிச்சது. ரொம்பக் குறைஞ்சப்போ கூட ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா நிழல் இருந்துச்சு, அதுவும் தெக்குப் பக்கம்! வடக்கேன்னு எழுதினவங்க குச்சி சாஞ்சிருக்குன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. வகுப்புல வாயே திறக்காத ஒரு பொண்ணு ஆணி வரிசையைப் பாத்துக்கிட்டே, "சார், 12 மணின்னா நடுப்பகல்னுதான சொன்னீங்க, அப்போ சூரியன் லேட்டா, கடிகாரம் தப்பா?"ன்னு கேட்டா. எனக்குப் பாடத்தை அந்த இடத்துல இருந்து ஆரம்பிச்சாப் போதும்னு ஆகிடுச்சு.

நம்ம ஊர் கிட்டத்தட்ட 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டுல இருக்கு. கடிகாரம் ஓடுறது 82½ டிகிரிக்கு. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம், அப்போ நாலரை டிகிரிக்கு 18 நிமிஷம். இந்தக் கணக்கை நான் போர்டுல போட்டுத் தெளிவா விளக்கினேன், கணக்கு சார் சொல்ற நேரடியான டீச்சிங்தான், ஆனா அந்த நிமிஷம் எல்லாருக்கும் அது வேணும்ங்கிற நிலைமை இருந்துச்சு. மிச்சம் ஆறேழு நிமிஷம் எங்கன்னு விடாம கேட்டாங்க, பூமி சாஞ்சு சுத்துறதாலயும் பாதை முழு வட்டமா இல்லாததாலயும் வருஷத்துல சில மாசம் சூரியன் முந்தும், சில மாசம் பிந்தும், ஜூலையில ஆறு நிமிஷத்துக்கிட்ட பிந்துதுன்னு சொன்னேன். தெக்கு நிழலுக்குக் காரணம், அப்போ சூரியன் நம்ம தலைக்கு வடக்கால போகுது. டிசம்பர்ல மறுபடி நட்டோம், நிழல் முக்கால் மீட்டர் கிட்ட, வடக்கால.

அதுக்கப்புறம் வந்த கேள்விங்கதான் எனக்குப் பெருசு. "நம்ம ஊர் நேரத்தை மாத்துனது யாரு?" 1906 ஜனவரி 1-ல இருந்துதான் இந்தத் திட்ட நேரம், அதுக்கு முன்னாடி ரயில் எல்லாம் மெட்ராஸ் நேரத்துல ஓடுச்சு, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித் தனி நேரம் இருந்துச்சு, திட்ட நேரம் வந்த பிறகும் அந்த ரெண்டு ஊரும் பல வருஷம் தங்களோடதை விடலன்னு சொன்னேன். "அப்போ ரொம்பக் கிழக்கால இருக்குறவங்க?" அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சு வேலை பாக்குறாங்க, வடகிழக்குல தனி நேரம் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஒரு பையன் "அங்க டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிடுமா, அப்போ ஸ்கூல் விட்டு விளையாட முடியாதே, அவங்ககிட்ட கேட்டாங்களா?"ன்னான். நேரம்ங்கிறது யாரோ சிலர் உக்காந்து முடிவு பண்ண விஷயம், அதுல சிலருக்கு வசதி, சிலருக்குச் சிரமம்னு பதினோரு வயசுப் பிள்ளை தானா வந்து நின்ன இடம் அது.

போர்ஷன் கவலைக்கு: பாடத்துக்கு ஒதுக்கின பீரியடை விட ஒண்ணுதான் அதிகமாச்சு. எல்லாப் பாடத்துக்கும் இப்படிப் பண்ண முடியாது, பண்ணவும் வேணாம். பருவத்துக்கு ஒண்ணு ரெண்டு பாடத்தை ஆழமா எடுத்துக்கிட்டு மத்ததை வழக்கம்போல நடத்துங்க.

கணக்கு_சார்

சேலம் சார், இதை நான் மனசார ஏத்துக்குறேன். நீங்க எழுத வெச்சீங்க, அளக்க வெச்சீங்க, தேவைப்பட்ட இடத்துல தெளிவா நடத்துனீங்க, பிள்ளைங்களை அந்தரத்துல விடல. டீச்சர், ஒரு சேர்க்கை மட்டும்: முந்தின நாள் ஸ்கேல்ல அளக்குறதையும் அட்டவணை போடுறதையும் தனியா ஒரு பீரியட் பழக்கிடுங்க, இல்லன்னா மைதானத்துல பாதி நேரம் அதுலயே போயிடும். வாசிக்கத் திணர்ற பிள்ளைங்களுக்கு நேரம் எழுதுற வேலையைக் கொடுங்க, வேடிக்கை பாக்குற இடத்துல அவங்களை நிறுத்திடாதீங்க. நானும் எட்டாவதுக்கு அந்த ஈ.பி. கார்டை எடுக்கப் போறேன், விகிதமும் சதவீதமும் அதுல நல்லாவே வரும்.

சோசியல்_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓய்வு ஐயா சொன்னதை இன்னைக்கே ஆறாவதுல கேட்டேன், எந்தத் தெருவுக்கு முதல்ல தண்ணி விடுறாங்க, ஏன்னு. முதல்ல யாரும் பேசல, நானும் பேசாம நின்னேன். அப்புறம் அந்தப் பையன் எந்திரிச்சு, டேங்க்ல இருந்து மேட்டுத் தெரு உசரத்துல இருக்கு, டேங்க் நிறைஞ்சிருக்குறப்போ விட்டாத்தான் அங்க ஏறும், அதனால அவங்களுக்கு முதல்லன்னு சொல்ல, பின்னாடி இருந்து ஒரு பொண்ணு "பொய்யி, எங்க தெருவும் மேடுதான், எங்களுக்குக் கடைசியிலதான் வருது"ன்னா. மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பக்கமும் ஓயல. நாளைக்கு ஊர்ப் படம் வரைஞ்சு தெருவையெல்லாம் குறிக்கிறோம்.

சேலம் சார், நிழல் பாடம் பின்னாடிதான் வருது, ஆனா இப்பவே அளந்து வெச்சுக்கலாம்னு இருக்கேன். ஆடி மாசம் மேகம் வந்து வந்து போகுதே, சரியா அந்த நேரத்துல மறைச்சுட்டா என்ன பண்றது? குச்சி நேரா நிக்குதான்னு எப்படிப் பாக்குறது?

சேலம்_ஜியாக்ரஃபி

குச்சி நேரா நிக்க கொத்தனார் தூக்குக்குண்டு போதும், உங்க வகுப்புல யாராவது ஒரு பிள்ளையோட அப்பா கொத்தனாரா இருப்பார், அவரையே வரச் சொல்லிடுங்க. மேகத்துக்குப் பழைய வழி ஒண்ணு இருக்கு. குச்சியைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. காலையில நிழல் நுனி உள்ள வர்றப்போ வட்டத்தைத் தொடுற இடத்துல ஒரு ஆணி, நேரம் குறிச்சுக்கணும். மத்தியானத்துக்கு மேல வெளிய போறப்போ தொடுற இடத்துல இன்னொரு ஆணி, அந்த நேரமும். ரெண்டு நேரத்துக்கும் சரிபாதிதான் உங்க ஊர் உச்சிப்பொழுது, ரெண்டு ஆணியையும் சேர்த்துக் கயிறு கட்டுனா அது கிழக்கு மேற்கு. உச்சி நேரத்துல மேகம் இருந்தாலும் பரவால்ல. ஆகஸ்ட் கடைசி வாரத்துல உங்க ஊர்ல சூரியன் சரியாத் தலைக்கு மேல வர்ற நாள் ஒண்ணு இருக்கு, அன்னைக்கு உச்சிப்பொழுதுல குச்சிக்கு நிழலே இருக்காது, அதை விட்டுடாதீங்க. வட்டம் மட்டும் ஒண்ணோட நிறுத்தாம வேற வேற அளவுல மூணு நாலு போட்டுக்கோங்க, ஒண்ணை மேகம் மறைச்சாலும் இன்னொண்ணு கிடைக்கும்.